பிரெஞ்சுக்காரி சுல்மா

சால்தோ என்ற ஊரில் ஒரு வீட்டுக்குச் சாப்பிடப் போவது சுலபம். கிளம்புவதுதான் பெரும்பாடு. அதிலும் தெச்சேரா குடும்பத்து ஞாயிற்றுக்கிழமை விருந்து என்றால் கேட்கவே வேண்டாம். நாற்பது பேர் கூடுவார்கள். கிளம்புகிறவர் நாற்பது பேரையும் தேடிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்து விடைபெற வேண்டும். ஒவ்வொரு கன்னத்துக்குப் பின்னாலும் ஒரு கதை காத்திருக்கும்: ஒருத்திக்குப் பித்தப்பையில் கல், இன்னொருத்தர் தோட்டத்து ஆரஞ்சில் பூச்சி. பாதித் தூரம் வருவதற்குள், முதலில் விடைபெற்ற அத்தை மிச்சக் கறியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஓடி வருவாள். அவளுக்கு மறுபடியும் ஒரு முத்தம், பித்தப்பையும் மறுபடி முதலிலிருந்து.

அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி சுல்மா. வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது தொழில். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் கியர் போடக் கற்றார்கள். கார் வைத்திருந்ததே அவளுக்கு வினையாகிவிட்டது. "கிளம்பறியா? போற வழிதானே, எங்களையும் இறக்கி விட்டுடு" என்று ஒரு கூட்டம் ஏறிக்கொள்ளும். ஊரின் நாலு மூலைக்கும் அது எப்படிப் போகிற வழியாகும் என்று யாரும் யோசித்ததில்லை. இறங்குகிற ஒவ்வொருத்தரும் "ஒரு வாய் மாத்தே டீ குடிச்சிட்டுப் போ" என்று கையைப் பிடித்து இழுப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்திலிருந்து திங்கட்கிழமை வீடு வந்து சேர்ந்தவள், இனி யாரிடமும் விடைபெறுவதில்லை என்று முடிவெடுத்தாள்.

சொல்லாமல் கொள்ளாமல் நழுவுகிறவரை அந்த ஊரில் "பிரெஞ்சுக்காரன் மாதிரிப் போகிறான்" என்பார்கள். எந்தப் பிரெஞ்சுக்காரன் அப்படிப் போனான் என்று யாருக்கும் தெரியாது. சுல்மாவுக்குப் பிரெஞ்சுக்காரி என்று பெயர் விழுந்தது.

ஆனால் அவள் மரியாதை தெரியாதவள் அல்ல. வரும்போது நாற்பது பேருக்கும் சத்தமாக, ஒன்றுக்கு இரண்டாக முத்தம் கொடுத்துவிடுவாள். கறி நன்றாயிருந்தது என்பதைச் சூடு ஆறுவதற்குள் சொல்லிவிடுவாள். கேக் வெட்டுவதற்கு முன் போகமாட்டாள். துக்க வீட்டிலிருந்தும் சண்டை நடக்கிற வீட்டிலிருந்தும் அப்படிப் போகவே மாட்டாள்; சண்டைக்கு நடுவில் எழுந்து போனால் கோபித்துக்கொண்டு போனதாக அர்த்தமாகிவிடும். யாராவது ஒரு நல்ல நகைச்சுவை சொல்லி, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற நேரம் பார்த்து எழுவாள். கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறவனுக்கு எதிர் நாற்காலி காலியானது தெரியாது.

அண்ணன் வில்சனுக்கு இது பொறுக்கவில்லை. லாரி வைத்துப் பழம் ஏற்றுகிற ஆள். குரலே ஒரு லாரி ஹார்ன். தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்துக்கு அவன் ஏற்பாடுகள் செய்தான். சுல்மா வந்து நிறுத்தியதும் அவள் காருக்குப் பின்னால் லாரியைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தினான். அக்காள் ஐரிஸ் அவளுடைய கைப்பையை வாங்கிப் படுக்கையறையில் வைத்துப் பூட்டினாள். வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பருத்த மாமாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

"என்னண்ணே, ஜெயிலா இது?" என்றாள் சுல்மா.

"இன்னிக்கி மட்டும் நீ சொல்லாம போயிடு பாக்கலாம். மீசையை எடுத்துடறேன்" என்றான் வில்சன்.

விஷயம் மீசையோடு நிற்கவில்லை. சாலடுக்குத் தக்காளி நறுக்கும்போது ஐரிஸ் வாய் தவறி உளறிவிட்டாள். மருந்துக்கடை அனிபால் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், தங்கமான மனுஷனாம், வீட்டில் யாரும் இன்னும் நேரில் பார்த்ததில்லை, நாலு மணிக்கு வருகிறார். சுல்மாவைப் பார்க்கத்தான்.

"நான் என்ன இருமல் மருந்தா, கடைக்காரர் வந்து பாக்கறதுக்கு?"

"கோச்சுக்காதடி. வந்து ஒரு துண்டு கேக் சாப்பிட்டுட்டுப் போறார், உனக்கென்ன?"

சுல்மா நறுக்கிய தக்காளியை அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். கேக் வந்தது, வெட்டினார்கள், ஒரு துண்டு தின்றாள். வில்சன் தன் லாரியை ஆற்றுக்குள் விட்ட கதையை ஆரம்பித்தான். லாரியிலிருந்த ஆடு நீந்திப்போன இடம் வந்ததும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. சுல்மா எழுந்து, கோழிக்கூண்டைத் தாண்டி, ஆரஞ்சு மரத்தில் கால் வைத்து, பின்பக்கச் சுவரில் ஏறினாள். புதுப் பாவாடை முள்ளில் மாட்டி டர்ரென்றது.

சுவருக்கு மேல் தலையை நீட்டினால், ஒரு சாண் தூரத்தில் இன்னொரு தலை. வழுக்கை விழ ஆரம்பித்த ஒரு மனிதன், சப்பாத்துகளின் நாடாவைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தான். அவன் முதலில் சப்பாத்தைக் கையில் எடுத்தான்.

"கத்திடாதீங்க" என்று கிசுகிசுத்தான். "திருடன் இல்ல. விருந்தாளி."

"நானும்தான். உங்க பக்கம் என்ன?"

"ஞானஸ்நான விருந்து. என் சித்தி மக பிள்ளைக்கு. அம்பது பேர்."

"சொல்லிட்டு வரவேண்டியதுதானே?"

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவங்க நான். பேரு ஏபர். 'போயிட்டு வரேன்'னு சொன்னா, 'போறதுக்கு முன்னாடி நம்ம ஃப்ரிட்ஜை ஒரு பார்வை பாரேன், ராத்திரியில முனகுது'ம்பாங்க. போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு மூணு ஃப்ரிட்ஜ். கோட்டு போட்டுட்டுப் போய் கிரீஸோட வந்தேன்."

சுல்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டதில் சுவரிலிருந்து நழுவப் பார்த்தாள். அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினான். அந்த நிமிஷம், இந்த ஆள் கொஞ்சம் தேறுவான் போலிருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி, இப்ப எப்படி வெளிய போறது?" என்றாள். "உங்க பக்கம் இறங்கினா அம்பது பேரு."

"அவங்க யாருக்கும் உங்களைத் தெரியாதே. தெரியாத ஆளை யாரு நிறுத்தப் போறா? அவங்களுக்கு நடுவுல பூந்து நேரா வாசல் வழியா போயிடுங்க. நான் உங்க பக்கம் அப்படியே போயிடறேன்."

சுல்மாவுக்கு இது பெரிய மூளைக்காரன் பேச்சாகத்தான் பட்டது. கை குலுக்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள்.

நாற்பத்தொரு வருஷம் அந்த ஊரில் இருந்தவள் யோசித்திருக்க வேண்டும். தெரிந்தவரையே விடாத ஊர், தெரியாதவரை விடுமா? பத்தடி நடப்பதற்குள் ஒருத்தி "அடடே, நீங்க ரிவேரா ஊர்க்காரங்கதானே, எவ்வளவு நாளாச்சு!" என்று கட்டிக்கொண்டாள். தட்டு வந்தது, தட்டில் சுடச்சுட விலா எலும்பு வந்தது. இன்னொரு கை காலியாக இருந்தால் பாவமென்று யாரோ ஞானஸ்நானக் குழந்தையையும் இடுப்பில் வைத்தார்கள். குழந்தை அவள் காதணியைப் பிடித்து இழுத்தது. போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். கிழிந்த பாவாடையோடு நடுவில் நின்று சிரித்தாள்.

அப்போது சுவருக்கு அப்பாலிருந்து வில்சனின் குரல் கேட்டது.

"வாங்க மாப்பிள்ளை! நாலு மணின்னீங்க, மூணரைக்கே வந்துட்டீங்க! அவசரம் இருக்காதா பின்ன!"

நாற்பது தொண்டைகள் ஆரவாரம் செய்தன. கண்ணாடிக் கோப்பைகள் மோதிக்கொண்டன. "டேய், மாப்பிள்ளைக்குச் செருப்பு குடுங்கடா, பாவம், வெறுங்காலோட நிக்கிறாரு!"

சுல்மா சிரித்த சிரிப்பில் குழந்தையே குலுங்கியது. குழந்தையும் சிரித்தது. அதைத் தாயிடம் கொடுத்துவிட்டு, கூட்டம் பாட்டுப் பாட ஆரம்பித்ததும் வாசல் வழியாக வெளியே வந்துவிட்டாள். தெரு காலியாகக் கிடந்தது. வலப்பக்கம் திரும்பினால் வீடு. யாரும் பார்க்கவில்லை, யாரையும் ஏற்றிப் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம் முழுக்க அவளுடையது. ஆனால் கால் இடப்பக்கம் திரும்பியது. விட்டுவந்த விருந்துக்குத் திரும்பிப் போவது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

கேட்டிலிருந்த மாமா அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ உள்ளதானே இருந்தே?"

"உள்ளதான் மாமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நுழைந்தாள்.

சமையலறையில் கூட்டம் முட்டியது. நடுவில் ஏபர், வில்சன் வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் மண்டியிட்டு, கை முழங்கை வரை உள்ளே விட்டிருந்தான். காலில் ஐரிஸின் பூப்போட்ட செருப்பு. பின்னாலிருந்து வில்சன் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்: "மருந்துக்கடைக்காரர்னா மருந்துக்கடைக்காரர்! ஃப்ரிட்ஜுக்கும் வைத்தியம் பாக்கறாரே!"

ஏபர் தலையைத் தூக்கி சுல்மாவைப் பார்த்தான். "முனகுதுன்னாங்க" என்றான் பரிதாபமாக.

அதே நேரம் முன்வாசலில் மணி அடித்தது. கேட்டு மாமா எட்டிப்பார்த்து உள்ளே கத்தினார்: "வில்சா, அனிபால்னு ஒருத்தர் வந்திருக்கார். பூவெல்லாம் கொண்டாந்திருக்கார்!"

வில்சன் வாசலைப் பார்த்தான். ஃப்ரிட்ஜைப் பார்த்தான். "அப்ப நீ யாருய்யா?"

"பக்கத்து விருந்துங்க."

ஐரிஸ்தான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்தால் கழுதைகூடத் திரும்பிப் பார்க்கும். அப்புறம் சிரிப்பில் வீடே அதிர்ந்தது. வில்சன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அனிபால் பூங்கொத்தோடு நடுவில் நின்று, எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்தார்.

சுல்மா ஏபரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "இப்பதான் நேரம். வாங்க."

இருவரும் வாசல் வழியாகவே போனார்கள். கேட்டு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏபரின் சின்ன மோட்டார் சைக்கிள் அடுத்த தெருவில் நின்றது. அவன் சப்பாத்து இன்னும் சுவர் மேலேயே இருந்தது. பூப்போட்ட செருப்போடு அவன் கியர் மாற்றிய விதத்தைப் பார்த்து சுல்மா பின்னாலிருந்து, "கிளட்சை முழுசா அமுக்குங்க! யாருங்க உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது?" என்று கத்தினாள். ஆற்றங்கரை வரை கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் போனார்கள்.

மறுநாள் வில்சன் மீசையை எடுத்தான். அனிபால் பூவைக் கடைசியில் ஐரிஸின் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அது அவருக்கு நல்லதாகவே முடிந்தது.

அடுத்த ஆரஞ்சு அறுவடை சமயம் சுல்மாவுக்கும் ஏபருக்கும் கல்யாணம் நடந்தது. இரண்டு குடும்பமும் சேர்ந்து தொண்ணூறு பேர். பகல் விருந்து, மண்டபத்தின் எல்லாக் கதவிலும் ஆள். முதல் நடனம் ஆடிக்கொண்டே பொண்ணும் மாப்பிள்ளையும் சமையல்காரர்கள் பக்கம் நகர்ந்தார்கள். வெட்டிய கேக்கைத் தட்டுகளில் எடுத்து வருகிறவர்களுக்குக் கதவைப் பிடித்தார்கள். பிறகு கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி, முட்டை பொரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாய்க்குள் முதல் கவளம் போகவில்லை, அதற்குள் தெருவில் லாரி ஹார்ன் கேட்டது. வில்சன் விருந்தையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்: மிச்சக் கேக், அக்கார்டியன்காரர், தொண்ணூறு பேர், கேட்டு மாமாவும் அவர் நாற்காலியும்.

"உன் வீட்டுலேருந்தே எப்படிடி போவே?" என்று இறங்கும்போதே கேட்டான்.

ஆடினார்கள், பாடினார்கள், முட்டையையும் தின்றார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் ஒவ்வொருவராக விடைபெற ஆரம்பித்தார்கள். தொண்ணூறு கன்னம். சுல்மா வாசலில் நின்று வாங்கிக்கொண்டாள். பித்தப்பை, பூச்சி, எல்லாம் வந்தன. அத்தை ஒருத்தி கன்னத்தைப் பிடித்தபடி விடாமல் நின்றாள், கண் கலங்கியிருந்தது. "நீ எப்பப் போறேன்னே எனக்குத் தெரியறதில்லையா, அதனால நீ எப்பவும் இங்கதான் இருக்கேன்னு நெனச்சுக்குவேன்டி" என்றாள். சுல்மா அவளுக்கு இன்னொரு முத்தம் கொடுத்தாள், யாரும் கேட்காமலே.

கடைசியாக கேட்டு மாமா வந்தார். வந்தவர் நாற்காலியை வாசற்படியில் போட்டு உட்கார்ந்து, பெருவெள்ளத்தில் தன் பியானோ மிதந்த கதையைத் தொடங்கினார். சுல்மா தலையாட்டிக்கொண்டே உதவிக்கு ஏபரைத் தேடினாள். கூடத்தில் இல்லை. சமையலறையில் இல்லை. பின்கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே மோட்டார் சைக்கிள் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க மாமா, பியானோ எங்க போச்சு?" என்றாள்.

"அதைத்தானே சொல்ல வரேன்!" மாமா உற்சாகமாகக் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல தேவாலயத்துப் பக்கம் திரும்பிச்சு..."

பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சுல்மா பின்கதவை நோக்கி ஓடினாள்.