தீர்த்தம் பட்ட மதர்போர்ட்

அண்ணாவின் கணினி நின்றுபோனபோது அதற்குள் ஒரு கலியாணம் பாதியில் கிடந்தது.

அண்ணா பகலில் ஒரு முதிய சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாளின், வீட்டில் வேலை செய்தார். மாலையில், பலெர்மோ நகரின் சீசா என்ற பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையில், பலெர்மோத் தமிழர்களின் கலியாணங்களையும் முதல் நற்கருணை விழாக்களையும் வீடியோவாகத் தொகுத்துக் கொடுத்தார். துப்பாக்கி விளையாட்டுகளுக்கென்று பகுதி பகுதியாகச் சேர்த்த கணினி அது. விளையாட்டு கேட்கும் வேகத்தையே வீடியோவும் கேட்கும் என்பதை அவர் பிற்பாடுதான் கண்டுகொண்டார். நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். அதே அறையின் மறுபக்கத்து மேசை என்னுடையது. விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே படிக்கப் பழகியிருந்த எனக்கு, அது நின்ற மாலையில் ஒரு வரியும் ஓடவில்லை.

கலியாணப் பெண் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தவள். பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி புதுப்பிப்பில் இருந்ததால் ஊருக்குப் போய்க் கலியாணம் முடிக்க அவளால் இயலவில்லை. மன்னாரில் அவளுடைய தகப்பனை வைத்தியர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அதன் பொருள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் கோவில் பங்கைச் சேர்ந்த ஒருவர் அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு மன்னாருக்குப் புறப்படவிருந்தார். அவர் கையில் டிவிடி போனால் தகப்பன் மகளின் கலியாணத்தைப் பார்ப்பார். தவறினால், அடுத்த பயணி புறப்படும்வரை அவர் இருப்பாரா என்று சொல்ல எவரும் துணியவில்லை.

கலியாணம் பதிந்த கசெட்டின்மேல் அண்ணா அதற்குள் ஒரு ஞானஸ்நானத்தைப் பதிந்துவிட்டார். கணினிக்குள் ஏற்றிய பின் கசெட்டைத் திரும்பப் பயன்படுத்துவது அவருடைய வழக்கம். ஆகவே கலியாணம் இருந்த ஒரே இடம் ஹார்ட் டிஸ்க். அதை நண்பர் ஒருவரின் கணினியில் மாட்டிப் பார்த்தார். குருவானவர் கையை உயர்த்திய இடத்தில் படம் உறைந்து நின்றது. எங்கள் ஆட்களிடம் இருந்த கணினிகள் கடிதம் எழுதுவதற்கு மட்டுமே போதுமானவை.

பழுது மதர்போர்டில், எல்லாப் பாகங்களையும் தாங்கும் பலகையில், இருந்தது. அதன் சிறு உருளைகள் சில தலை வீங்கி வெடித்திருந்தன. வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த கடைக்காரர், பரிவோடுதான், அந்தப் புரொசசரின் காலம் முடிந்துவிட்டது என்றார். புதிய மதர்போர்ட் வேண்டுமென்றால் புதிய புரொசசர், புதிய மெமரி, புதிய கிராபிக்ஸ் கார்ட், எல்லாமே வேண்டும். அது எங்கள் கைக்கு எட்டாதது. அண்ணா நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, நேரே ஓர் இன்டர்நெட் கடைக்குள் நுழைந்தார்.

அன்று மாலை என்னையும் அங்கே அழைத்துப்போனார்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசி. நான் சரியா விளங்கிக்கொண்டனோ தெரியேல்லை."

கேமிங் மதர்போர்ட்கள் பற்றிய அறிவிப்பு அது. நான் இரண்டு முறை வாசித்தேன்.

"புதுசு எண்டுதானே போட்டிருக்கு?"

"ஓம். இப்பத்தான் வெளிவந்திருக்காம்."

"எங்கடை புரொசசருக்கோ?"

"ஓம் அண்ணா. எங்கடைக்குத்தான். பழைய மெமரியும் கார்டும் அப்பிடியே மாட்டலாமாம்."

"அப்ப அந்தக் கடைக்காரன் எங்கடை புரொசசரை உயிரோடையே சாகடிச்சிட்டான்" என்று சொல்லி அண்ணா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

விளம்பரத்தின் மொழி ஆரவாரமானது. ஒவ்வொரு வாக்கியமும் ஒரு போர்க்களம். ஆனால் அதன் அடியில் இருந்த எண்ணம் எனக்கு அடக்கமானதாகப் பட்டது. கையில் இருப்பதை வைத்துக்கொண்டு இன்னும் சிறிது காலம் ஓட விரும்புகிறவர்களும் உலகில் உண்டு என்பதை எங்கோ யாரோ நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பலெர்மோவில் அது கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் ஆட்களில் ஒருவர் லண்டனிலிருந்து வருகிறார் என்றால், அவருடைய பெட்டியில் பாதி மற்றவர்களுடையது. அப்பாவின் தங்கை, எங்கள் மாமி, மாதம் முடியுமுன் எங்களிடம் வரவிருந்தார். அவருடைய மகன் அங்கே மதர்போர்டை வாங்கி, மிளகாய்த்தூள் பொதிகளுக்கு நடுவே வைத்து அனுப்பினான். அந்த முதல் ஞாயிறுக்கு முந்திய வியாழக்கிழமை மாமி வந்து சேர்ந்தார்.

பெட்டியைத் திறந்ததும் மாமி அம்மாவிடம் முறையிட்டார். "மச்சாள், இந்தப் படத்தைப் பாருங்கோ. கொம்பும் பல்லுமாய்ப் பேய் ஒண்டு. நான் இதுக்கு மேலை செபமாலையை வைச்சுத்தான் கொண்டு வந்தனான்."

கேமிங் பொருட்களின் அட்டைப்பெட்டிகளில் அத்தகைய முகங்கள் வழக்கம். அதை அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அண்ணா போர்டை எடுத்து மேசையில் வைத்தார். புரொசசருக்குப் பூசும் பசை வாங்கக் கடைக்குப் போனார். நான் விரிவுரைக்குப் போயிருந்தேன்.

எங்கள் வீட்டில் புதிய பொருள் எதுவும் குருவானவர் மந்திரித்த தீர்த்தம் படாமல் வேலை தொடங்கியதில்லை. குளிர்சாதனப் பெட்டிக்கும் தையல் இயந்திரத்துக்கும் அதுவே நடந்தது. பேயின் படத்தோடு வந்த ஒன்றை அம்மா எப்படி விட்டுவைப்பார்? நான் திரும்பியபோது அண்ணா மேசையருகே அசையாமல் நின்றார்.

"அம்மா, இதுக்கு மேலை என்ன ஊத்தினனீங்கள்?"

"ஊத்தேல்லை, தெளிச்சனான். தீர்த்தம்தானேயடா தம்பி."

"தண்ணியெண்டாலும் பரவாயில்லை. தீர்த்தத்திலை உப்புப் போடுறவை அம்மா! உப்புப் பட்டால் இது அரிச்சுப் போயிடும்."

"பேய் போயிருக்கும்" என்றார் மாமி சமையலறையிலிருந்து.

"மாமி, பேய் மட்டும் போனால் சந்தோசம்."

அம்மா சிரிக்கவில்லை. மேல்மாடிப் பெண்ணின் தகப்பன் அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் வெளிறிச் சுவரோடு நின்றார். அண்ணா அதைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, அவர் ஒவ்வொரு துளையாகத் துடைக்க, நான் விளக்கைப் பிடித்தேன். பிறகு போர்டைப் பல்கனி நிழலில் காய வைத்தார். சிரோக்கோ வீசிக்கொண்டிருந்தது. அந்த வெப்பக் காற்று எதையும் உலர்த்திவிடும், ஆனால் கூடவே செம்புழுதியையும் கொண்டுவரும். அதனால் அம்மா பூசைக்குப் போடும் தம் வலை முக்காட்டைக் கொண்டுவந்து போர்டை மூடினார். மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, புறாக்களை விரட்டியபடி அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இனிச் செபம் மட்டும் சொல்லுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டு, போகும்போது அண்ணா அவருடைய தோளில் கைவைத்தார்.

சனிக்கிழமை காலைவரை அண்ணா அதைத் தொடவிடவில்லை. பிறகு நான் கையேட்டை வாசிக்க, அவர் கம்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினார். கணினியை இயக்கியதும் கறுப்புத் திரையின் மேல்வரிசையில் எங்கள் பழைய புரொசசரின் பெயர் வெள்ளையெழுத்தில் வந்தது. "தெரியுதாம், ஆளைத் தெரியுதாம்!" என்று அண்ணா கத்த, அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

ஆனால் மென்பொருள்களை மறுபடி ஏற்றவே பிற்பகலாகிவிட்டது. வழக்கமாக அவர் சேர்க்கும் பாட்டுகள், பூ உதிரும் ஓரங்கள், இதய வடிவச் சட்டங்கள், எதற்கும் நேரமில்லை. பதிந்ததைப் பதிந்தபடியே டிவிடியாக்கினார். மாலையில் மேல்மாடிப் பெண் இறங்கி வந்தாள்.

"பாட்டுப் போட்டிட்டீங்களோ அண்ணா?"

"பாட்டும் இல்லை, வெட்டவும் இல்லைத் தங்கச்சி. எல்லாம் பச்சையா அப்பிடியே கிடக்கு." தம் பெயரை முகப்பில் போடாமல் அவர் கொடுத்த முதல் டிவிடி அதுதான். அவள் அதை இரு கைகளாலும் வாங்கினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அது பயணியின் கைப்பையில் ஏறியது.

சில வாரங்களுக்குப் பிறகு அவள் மீண்டும் எங்கள் கதவைத் தட்டினாள். மன்னாரிலிருந்து தொலைபேசி வந்திருந்தது.

"அப்பா பாத்திட்டார். முழுக்கப் பாத்தவராம்."

"வெட்டாமல் குடுத்ததுக்கு ஏசினவரோ?" என்றார் அண்ணா.

அவள் இல்லையென்று தலையசைத்தாள். கோவிலுக்குள் நுழையுமுன் அவள் சுவரில் சாய்ந்து, ஒரு சப்பாத்தைக் கழற்றிக் குதியைத் தேய்த்த இடம் ஒன்று அதில் இருந்ததாம். அண்ணா தொகுத்திருந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான். தகப்பன் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்.

"சப்பாத்துக் கடிச்சதோ பிள்ளை எண்டு கேட்டவர். அதை மட்டும்தான் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"ஓம் அப்பா, கடிச்சதுதான் எண்டனான்" என்றாள். சொல்லிவிட்டு, உள்ளே வராமல் எங்கள் வாசல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.