யாரும் இழுக்காத கயிறு

வனமாமலை அண்ணன் எங்களை விட்டுப் போனாரா, நாங்கள் அவரை அனுப்பினோமா என்று கேட்டால் இன்றுவரை எங்களில் யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியாது. பிரிவுபசார விழா நடந்தது உண்மை. பொன்னாடை போர்த்தினோம், சக்கரம் வைத்த பெட்டி வாங்கிக் கொடுத்தோம், மண்ணூர் பாஞ்சாலி அக்கா மெஸ்ஸில் வடை பாயசத்தோடு இலை போட்டோம். இவ்வளவையும் செய்துவிட்டு, பாயசம் வருவதற்குள் எதற்காக இந்த விழா என்றே புரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்குநேரிப் பக்கத்துக்காரர், நாற்பதை நெருங்குகிறவர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்குக் காண்ட்ராக்ட் ஆளாக வந்து, பிறகு நிரந்தரமானவர். வந்த புதிதில் மண்ணூரில் ஒரே அறையில் ஏழெட்டுப் பேரோடு படுத்து எழுந்தார். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி வண்டி சில நாள் முன்னாலேயே போய்விடும், சில நாள் வரவே வராது. வண்டியை விட்டால் அன்றைய வேலை போச்சு. ரோட்டோரம் நின்று நின்று அலுத்துப்போன மனிதர், பழைய போனில் வீடியோ பார்த்தே நிரல் எழுதக் கற்றுக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் 'வண்டி வந்தாச்சா' செயலி.

பெரிய மந்திரமெல்லாம் இல்லை. வண்டியில் முதலில் ஏறுகிற ஆள் தன் போனில் பொத்தானை அழுத்திவிட வேண்டும். அந்தப் போன் போகும் இடமெல்லாம் வண்டி போவதாகக் கணக்கு. அடுத்த நிறுத்தங்களில் நிற்கிறவர்கள் தங்கள் போனில் பார்த்துக்கொள்ளலாம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை ஹாஸ்டல் பெண்கள் பாதிப் பேர் இதைப் பார்க்காமல் செருப்பு மாட்டுவதில்லை. இலவசம்தான். நிரலும் எல்லோருக்கும் திறந்தே கிடக்கும், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

நான் அதில் சேர்ந்தது சண்டை போட்டுத்தான். என் பெயர் சசிரேகா, வடக்குப்பட்டு. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பம்பரில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருப்பவள். ஒரு நாள் என் வண்டி கண்ணெதிரே போய்க்கொண்டிருக்க, செயலி அது வந்துகொண்டிருப்பதாகச் சொன்னது. புகார்ப் பெட்டியில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். "வந்து சரிபண்ணிக் குடுங்களேன்" என்று பதில் வந்தது. திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போனேன்.

நான் முதலில் திருத்தியது ஒரே ஒரு சொல். 'தாமதம்' என்று இருந்ததை, ஹாஸ்டல் பெண்கள் பேசுகிறபடி 'லேட்டு' என்று மாற்றினேன். அந்த ஒரு சொல்லுக்கு அண்ணன் வரிசையாகக் கேள்வி கேட்டார். எல்லாப் பக்கத்திலும் மாற்றினாயா, சின்னப் போனில் எழுத்து உடைகிறதா, வண்டி ரத்தானால் என்ன காட்டும்? எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஆனால் யார் எதை அனுப்பினாலும் கடைசி வரிவரை அவர் படிப்பார். பாராட்ட மட்டும் அவருக்கு வாய் வராது.

எங்கள் குழுவுக்குச் சட்டம் வகுத்தவரும் அவர்தான். அவர் கம்பெனியில் உற்பத்தி லைனுக்கு மேலே ஒரு மஞ்சள் கயிறு தொங்கும். கோளாறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம், லைன் நின்றுவிடும். இழுத்த ஆளே சரி என்று சொன்னால்தான் மறுபடி ஓடும். ஏட்டில் அப்படி. நிஜத்தில், இழுத்தவனைச் சூப்பர்வைசர் பார்க்கிற பார்வையில் மறுமுறை கை அந்தப் பக்கமே போகாது. நம்மிடமாவது கயிறு ஒழுங்காக இருக்கட்டும் என்று அண்ணன் சொன்னார். ஒரு மாற்றத்தை எல்லோர் பார்வைக்கும் வைக்க வேண்டும். மூன்று பேர் கட்டைவிரல் காட்டி, பொழுது சாய்வதற்குள் யாரும் 'வேண்டாம்' என்று எழுதாவிட்டால் அது தானாகவே உள்ளே போய்விடும். ஒருவர் 'வேண்டாம்' என்று எழுதினால், எழுதியவர் அதை விலக்கிக்கொள்ளும்வரை மாற்றம் அப்படியே நிற்கும். காரணமும் எழுத வேண்டும்.

அண்ணன் வைத்த மாற்றத்துக்கு ஒருநாளும் எங்களில் ஒருவரும் 'வேண்டாம்' என்று எழுதியதில்லை.

ஒரு நாள் ஓவர்டைம் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தேன். எங்கள் பகுதியில் லைனுக்குப் போன் கொண்டுபோக முடியாது. குழுவில் ஒரு வரி வந்திருந்தது: 'பொறுப்பாளர் வனமாமலை விலகினார்.' உடனே அவரைக் கூப்பிட்டேன். எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவுதானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றார். ஓசூர் கிளைக்கு மாற்றலாகிப் போகிறாராம். ரொம்ப நாளாக அந்த மாற்றலைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். இங்கே வண்டிகளில் ஏறி இறங்கிப் பார்க்காமல் செயலியை நடத்த முடியாது என்பதுதான் எப்போதும் அவர் சொல்லும் காரணம். இப்போது சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டாராம்.

எல்லாரும் என்றால் யார்? என்னை விட்டுவிட்டு மற்றவர்கள் கூடிப் பேசிவிட்டார்கள் என்று நினைத்தேன். மணிகண்டபிரபுவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் விருதுநகர்ப் பையன், போரூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தனக்கு ஒன்றுமே தெரியாது, அண்ணனுக்கு எங்கேயோ பெரிய சம்பளத்தில் வேலை கிடைத்திருக்கும் என்றான். போன் கம்பெனியில் வேலை செய்யும் ஹாஸ்டல் பெண் கவியா, அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் என்றாள். எங்கள் ஊர் தசரதன் வண்டி ஓட்டுகிறவர், எந்த நிறுத்தம் எங்கே என்று சொல்வது அவர் பொறுப்பு. அவர் என்னிடமே திருப்பிக் கேட்டார்: "நீ இன்னா சொன்ன அவரை? உன் வாய்தான் சும்மா இருக்காதே." விலகினார் என்று வந்துவிட்ட பிறகு திறந்து பார்க்க என்ன இருக்கிறது என்று அந்த வரிக்குப் பின்னால் இருந்த மாற்றத்தை ஒருவரும் திறக்கவில்லை. அவர்கள் மூவரும் என்னைச் சந்தேகப்பட்டார்கள், நான் மூவரையும் சந்தேகப்பட்டேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போகிற மனிதரை நல்லபடியாக அனுப்புவோம் என்பதில் மட்டும் ஒற்றுமையாக இருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் விழா. சாயங்காலம் அவருக்கு ஓசூர் பஸ். பொன்னாடை வாலாஜாபாத்தில் தசரதன் வாங்கியது. பெட்டி மணிகண்டபிரபுவின் யோசனை, தூர ஊருக்குப் போகிறவருக்கு உபயோகமாக இருக்குமாம். பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தபோது அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் எப்போதும் ஒன்றும் தெரியாது. அன்று என்னவோ தெரிந்தது, எனக்குத்தான் அது என்னவென்று பிடிபடவில்லை. மணிகண்டபிரபு பேசினான், கவியா பேசும்போதே அழுதுவிட்டாள். அண்ணனைப் பேசச் சொன்னோம். எழுந்து பொன்னாடையை மடித்து நாற்காலியில் வைத்தார்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்னு ஒருத்தராவது சொல்லிருக்கலாம். பொட்டியும் வாங்கியாச்சு. சரி, நல்லா இருங்க" என்றார்.

பாஞ்சாலி அக்கா பாயச வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். தசரதன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னாண்ணா சொல்ற? நீதானே போறேன்ன?"

"நான் எங்க போறேன்னேன்? போகட்டுமான்னு கேட்டேன். மூணு பேரும் விரலத் தூக்கிட்டிய."

மூன்று பேரும் போனை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அந்த மாற்றம் அங்கேதான் இருந்தது. பொறுப்பாளர் இடத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிட்டு, கீழே அவர் எழுதியிருந்தார்: 'என் பெயரை எடுத்துவிடலாமா? ஒருவர் வேண்டாம் என்றாலும் எடுக்க மாட்டேன்.' அதன் கீழே மூன்று கட்டைவிரல்கள். கவியா டீ இடைவேளையில் அழுத்தியிருந்தாள். மணிகண்டபிரபு மீட்டிங்கில் உட்கார்ந்தபடி அழுத்தினானாம். தசரதன் வண்டியை ஓரங்கட்டியபோது. நான் பார்த்திருந்தால் படித்திருப்பேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். என் போன் லாக்கரில் இருந்தது, அவ்வளவுதான்.

"நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு..." என்று இழுத்தான் மணிகண்டபிரபு.

"அதத்தான் சொல்லுதேன்" என்றார் அண்ணன்.

பிறகு உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். போன மாதம் வேண்டுமென்றே ஒரு தப்பை வைத்தாராம். வாலாஜாபாத் வண்டியை ஸ்ரீபெரும்புதூரில் காட்டும் தப்பு. அதற்கும் கட்டைவிரல் வந்ததாம். உள்ளே போவதற்குள் அவரே 'வேண்டாம்' எழுதி நிறுத்தியிருக்கிறார். அதையும் யாரும் கவனிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தனியாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோமோ என்று அப்போது தோன்றியதாம். அதனால்தான் கேட்டுப் பார்த்தாராம். பதில் வந்த வேகத்தைப் பார்த்ததும், நம்மைப் போகச் சொல்லத்தான் இவர்கள் காத்திருந்தார்கள் போல என்று நினைத்துவிட்டாராம். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. இந்த மனிதரை மாலை மரியாதையோடு கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறோம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இப்போதே உங்கள் பெயரைத் திரும்பப் போடுங்கள், இங்கேயே ஒப்புக்கொள்கிறோம், ஓசூரைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்றார்கள். ஓசூர் ஷிஃப்டில் பெயர் எழுதியாகிவிட்டது, நாளைக்குப் போய் நிற்க வேண்டும், அறையையும் காலி செய்தாயிற்று என்றார் அண்ணன். ஓசூரிலிருந்தபடியே பொறுப்பாளராக இருங்கள், பெயரைப் போடுங்கள் என்று விடாமல் கெஞ்சினார்கள். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, போனில் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தார். எங்கள் போன்கள் சேர்ந்து ஒலித்தன. மாற்றம் வந்துவிட்டது. தசரதன் கட்டைவிரல், கவியா கட்டைவிரல், மணிகண்டபிரபு கட்டைவிரல். மணிகண்டபிரபு கையே தட்டிவிட்டான்.

நான் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது, பம்பர் பார்க்கிறபடிதான் வரும். பொறுப்பாளர் என்று போட்டு, எதிரே சசிரேகா என்று இருந்தது.

"ண்ணா, இதுல என் பேர் கீது" என்றேன்.

கைதட்டல் நின்றது. மூவரும் குனிந்து போனைப் பார்த்தார்கள். கவியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அண்ணன் யாரையும் திட்டவில்லை.

"நீ ஒருத்திதான் படிக்கே. அதான் உன் பேரப் போட்டேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இவர் விளையாடுகிறாரா, சோதிக்கிறாரா, நிஜமாகவே கொடுக்கிறாரா? இதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வதா, முகத்தில் அடிப்பதா? ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் உறைத்தது. மூன்று விரலும் விழுந்துவிட்டன. நான் சும்மா இருந்தால், இரண்டாவது முறையும் அவர் பெயர் இல்லாமலே முடிந்துவிடும். போனில் 'வேண்டாம்' என்று எழுதி அனுப்பினேன்.

அவர் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார். அந்த ஒரு சொல்லைக் கடைசி எழுத்துவரை படிக்கிறவர் மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளவில்லை.

"காரணம் எழுதணும்லா" என்றார்.

"எழுதுறேண்ணா. எப்ப எழுதணும்னு சட்டத்துல இல்லியே."

முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பாஞ்சாலி அக்காவிடம் பாயசம் கேட்டு, இரண்டு முறை வாங்கிக் குடித்தார். சாயங்காலம் அந்தப் பெட்டியிலேயே துணிமணியை அடைத்துக்கொண்டு ஓசூருக்குப் போய்விட்டார்.

இப்போது எங்கள் பொறுப்பாளர் யார் என்று கேட்டால், என்ன சொல்வதென்று தெரியாமல் விழிப்போம். அவர் பெயர் நீங்கிவிட்டது, என் பெயர் உள்ளே போகவில்லை. தசரதன் இப்போது ஒரு புள்ளிக்குக்கூடக் கேள்வி கேட்டு உயிரை வாங்குகிறார். வண்டிகள் என்னவோ சரியாகத்தான் காட்டுகின்றன. அந்த மாற்றம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஓசூரிலிருந்து அண்ணன் அதன் கீழே 'காரணம்?' என்று கேட்பார். கேட்க வருகிறவர், அந்த வாரம் நாங்கள் வைத்த மாற்றங்களையெல்லாம் கடைசி வரிவரை படித்துவிட்டு, நாலு கேள்வியும் போட்டுவிட்டுத்தான் போவார்.

'யோசிக்கிறேன்' என்று பதில் போடுவேன். காரணம் அன்றைக்கே எனக்குத் தெரியும். எழுதிவிட்டால் அடுத்த ஞாயிறு கேட்க அவருக்கு ஒன்றும் இருக்காது, அதனால் எழுதவில்லை.