வரி கட்டி வாங்கிய கண்ணாடி

கண்ணாடிக்கடை அக்காவிடம் பத்து ஃபிரேமை மாட்டிப் பார்த்துவிட்டு, வெட்கமே இல்லாமல் ஆன்லைனில் வாங்குவார்கள். அங்கே விற்பனை வரி கிடையாது. வந்த கண்ணாடி மூக்கில் நிற்காவிட்டால் மட்டும், திருகாணியை முடுக்க அவரிடமே வருவார்கள். அக்காவும் முடுக்கிக் கொடுப்பார்.

"ஆன்லைன்காரங்களுக்கும் வரி போட்டா எல்லாரும் திரும்பி வந்துடுவாங்க" என்று எட்டு வருடம் மனு மேல் மனு போட்டார். அத்தனையையும் மகள்தான் டைப் அடித்தாள்.

போன மாதம் ஆன்லைனுக்கும் வரி வந்தது. அக்கா அலமாரியைத் துடைத்து, புது ஃபிரேம்களை அடுக்கிக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை.

நேற்று மகள் வந்தாள். அவள் மூக்கிலிருந்து புதுக் கண்ணாடி நழுவியது.

"கொஞ்சம் டைட் பண்ணிக் குடும்மா."

அக்கா திருப்புளியை எடுத்தார். அலமாரியில் இருந்த அதே ஃபிரேம்.

"வரியெல்லாம் கட்டித்தாம்மா வாங்கினேன்" என்றாள் மகள்.