பிளைவுட்காரியின் கிதார்

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்தே என் நாத்தனாருக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆகவே நான் அவளைப் புகழ்ந்தால் அதில் கலப்படம் இருக்காது.

அவள் கிதார் செய்கிறவள். ரெசனேட்டர் கிதார் என்பார்கள். அதன் வயிற்றுக்குள் ஒரு அலுமினியக் கூம்பு உட்கார்ந்திருக்கும். கம்பியின் அதிர்வு கூம்புக்குப் போய், அங்கிருந்துதான் சத்தம் கணீரென்று வெளியே வரும். அலமாரி செய்யும் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் பலகை அறுத்தவள், ஒரு நாள் வேலையை உதறிவிட்டு எங்கள் முன்னறையைப் பட்டறையாக்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதைச் சாப்பிட்டாலும் பசை வாசம்தான்.

கிதாரின் உடம்புக்கு அவள் எடுத்தது பிளைவுட், மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிய அதே அலமாரிப் பலகை. ஊரே சிரித்தது. பிளைவுட்காரி என்று பட்டமும் கட்டியது. அவள் மசியவில்லை.

"ஒரே மரத்துல அறுத்த பலகைன்னா அதுவும் கூம்போட சேர்ந்து பாடும் அண்ணி. மகோகனி நல்லா குழைவா பாடும், வீட்டுக்குள்ள வாசிக்க சுகமா இருக்கும். ஆனா கூம்போட சத்தத்துல கொஞ்சத்தை அது முழுங்கிடும். நல்ல பிளைவுட் அப்படியில்ல. விறைப்பா நிக்கும், சத்தம் முழுசா வெளிய போயிடும்."

"உன்னை மாதிரியே விறைப்பு," என்றேன்.

ஒரு இசைப்பள்ளி ஆறு கிதார் வேண்டும் என்றது. என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன், கறாராகச் சொல்லிவிட்டார். "இது கைகூடலைன்னா நீ ஃபேக்டரிக்கே போயிடு. முன்னறையை விட்டுடு."

மாதிரியைப் பார்க்கப் பள்ளியின் கிதார் வாத்தியார் வந்தார். கூம்பு பொருத்தாத வெறும் உடம்பை எடுத்துக் காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டினார். சாதாரணக் கிதார் மரத்தை அப்படித்தான் பார்ப்பார்களாம். "சத்தமே செத்துக் கெடக்கும்மா," என்று உதட்டைப் பிதுக்கினார்.

"கதவையா சார் தட்டுறீங்க? உள்ள ஆளே இன்னும் வரலையே," என்றாள் இவள்.

கூம்பைப் பொருத்திக் கம்பி மாட்டினாள். அவர் கொண்டுவந்திருந்த மகோகனி ரெசனேட்டரையும் வாங்கிக்கொண்டாள். வாத்தியாரைத் தெருக்கோடிக்குப் போகச் சொன்னாள். நானும் கூடவே போனேன். அவள் தோற்பதைப் பார்க்கத்தான் போனேன், அதை ஏன் மறைக்க வேண்டும்? முதலில் மகோகனியை வாசித்தாள். லாரி இரைச்சலில் பாதி காணாமல் போனது. அடுத்தது பிளைவுட். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் கேட்டது. வாத்தியார் விறுவிறுவென்று பட்டறைக்கு நடந்தார்.

திரும்பி வந்ததும் அவர் குரல் இறங்கியிருந்தது. "ஒத்துக்கறேன்மா. ஆனா விளிம்புல இந்த அடுக்கைப் பார்த்தா பசங்களைப் பெத்தவங்க சிரிப்பாங்க. மேல தோல் மாதிரி மெல்லிசா ரோஸ்வுட் மரச்சீவல் ஒட்டி, விளிம்பை மறைச்சுக் குடு. ஆறையும் எடுத்துக்கறேன்."

ஆறு கிதாரின் பணத்தை மனசுக்குள் எண்ணத் தொடங்கிவிட்டேன்.

"மாட்டேன் சார்."

"ஒரு தோல்தானேம்மா? சத்தம் ஒண்ணும் மாறிடாது."

"மாறாதுதான். ஆனா நாளைக்கு ரோஸ்வுட் என்னமா பேசுதுன்னு நீங்களே சொல்வீங்க. தெருக்கோடியில நின்னு நீங்க கேட்டது பிளைவுட்டை."

"ஆறு கிதார்ம்மா!"

"அறுபதுன்னாலும் மாட்டேன்."

அவர் போய்விட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒட்டிக் குடுத்துத் தொலைச்சா என்னடி? குடியா முழுகிடும்?" என்று கத்தினேன்.

அவள் உப்புத்தாளை எடுத்து விளிம்பைத் தேய்க்க உட்கார்ந்தாள். அவர் மறைக்கச் சொன்ன அடுக்குகள் ஒவ்வொன்றாக இன்னும் துலக்கமாகத் தெரிந்தன. கண்ணில் நீர் முட்டியிருந்தது, கை மட்டும் நிற்கவில்லை. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் பக்கம் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

சாயங்காலம் கணவர் வந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் கடுகடுத்தது.

"நாளையிலேருந்து முன்னறைக்குப் பூட்டுதான். சாவியைக் குடு."

"தொலைஞ்சு போச்சு," என்றேன்.

"உள்ள வரும்போது பார்த்தேனே, ஆணியில தொங்குச்சே?"

"இப்பதான் தொலைஞ்சுது."

என் கைக்குள் அது குத்திக்கொண்டிருந்தது.