மறைக்காமல் விட்ட தகப்பன் பெயர்

நாகேஸ்வரிக்கு நாடாளுமன்றத்தில் வேலை என்பதை லண்டன் பிளேஸ்டோவில் இருந்த சொந்தக்காரர் முதலில் ஒருவரும் நம்பவில்லை. "அங்கை என்ன, தேத்தண்ணி குடுக்கிறியோ?" என்று கேட்ட மச்சாளிடம், "ஓம், மந்திரிமாருக்குக் கேள்வியும் குடுக்கிறம்" என்று சொல்லிவிட்டு வந்தவள்.

எம்.பி.மார் அமைச்சர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும் குழு ஒன்றின் அலுவலகத்தில் பதின்மூன்று வருடமாக இருக்கிறாள். மக்கள் எழுதி அனுப்பும் சாட்சியங்களில் வெளியே தெரியக்கூடாத பெயர்களைக் கறுப்பாக்கி இணையத்தில் ஏற்றுவது வேலை. மற்றவர்கள் திரையில் வாசிக்க, அவள் மட்டும் அச்செடுத்து, அரிசியில் கல் பார்ப்பது போல விரல் வைத்து வாசிப்பாள்.

அந்த வருடம் குழு எடுத்துக்கொண்டது ஆப்கானிஸ்தானிலிருந்து படையைத் திருப்பி அழைத்த விவகாரத்தை. எப்போது திட்டம் போட்டீர்கள், உங்களோடு நின்ற உள்ளூர்ச் சனத்தை யார் யோசித்தது என்று கேட்பதற்காக, செவ்வாய் காலை பத்து மணிக்கு அமைச்சரை அழைத்திருந்தார்கள். ஒன்பதரைக்குள் குரோய்டனிலிருந்து ஒருவர் எழுதிய கடிதம் இணையத்தில் வந்துவிடவேண்டும். படைக்கு மொழிபெயர்த்த அவருடைய தம்பி இன்னும் ஆப்கானிஸ்தானில்தான் ஒளிந்திருக்கிறான்.

வேறொருவர் கறுப்பாக்கி முடித்த பிரதி. இரண்டாம் பக்கத்தில் நாகேஸ்வரியின் விரல் நின்றுவிட்டது. தம்பியின் பெயர் மறைந்திருந்தது. இன்னாரின் மகன், இன்ன கிராமம் என்பது அப்படியே கிடந்தது.

மேலதிகாரி நரசிம்மன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். வயதில் சிறியவர், தனியே இருந்தால் அவளை அக்கா என்பார்.

"தம்பி, இதைப் போடேலாது."

"ஏன்க்கா? பேரதான் அடிச்சாச்சே."

"தேப்பன்ரை பேரும் ஊரும் கிடக்கு."

"அது அப்பா பேருதானே. இங்க யாருக்குக்கா தெரியும்?"

"இங்கை இருக்கிறவைக்கோ ஒளிக்கிறம்? எங்கடை ஊரிலை என்ரை அண்ணையைத் தேடி ஆமி வரேக்கை அவற்றை பேரைச் சொல்லேல்லை. கணேசலிங்கத்தின்ரை மோன் எந்த வீடு எண்டுதான் கேட்டவங்கள். சனம் நேரை எங்கடை படலையைக் காட்டிப்போட்டுது."

நரசிம்மன் கதிரையை முன்னால் இழுத்தார். "அப்புறம்?"

"ஆள் படம் பாக்கப் போயிருந்தார். தப்பினார். இப்ப ரொறன்ரோவிலை வண்டியும் தொந்தியுமா இருக்கிறார். இந்தப் பெடியனுக்கு அந்த ஊரிலை தியேட்டர் இருக்கோ தெரியாது."

அவர் சிரிக்க வந்து சிரிக்கவில்லை. "குழு ஒப்புதல் குடுத்த பிரதி இது, அக்கா. இனி குழுத் தலைவி சொல்லாம நாம கை வைக்க முடியாது. அவங்க அமைச்சரோட ஆளுங்ககிட்ட பேசிட்டு இருக்காங்க. நடுவுல போனா என்னைத்தான் கடிப்பாங்க."

"கடிச்சால் நான் மருந்து போட்டு விடுறன். போய்க் கேளும். நீர் வருமட்டும் ஒருத்தரும் இதை ஏத்தேலாது."

அவர் போனதும் இணையத்தில் ஏற்றும் கணினியின் மவுசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒன்பதரை தாண்டியது. தொலைபேசி இரண்டு தரம் அடித்தது, அவள் எடுக்கவில்லை. ஒன்பது நாற்பதுக்கு நரசிம்மன் காது சிவக்க வந்து, "அடிச்சிடுங்கக்கா" என்றார். இரண்டு வரிகளையும் தானே கறுப்பாக்கி, இன்னொரு தரம் அச்செடுத்துப் பார்த்த பிறகே ஏற்றினாள்.

விசாரணையின்போது பின்வரிசையில் போய் உட்கார்ந்தாள். கடிதத்தில் உள்ளவர் இங்கே வரப் போட்ட விண்ணப்பத்துக்கு ஏன் இன்னும் பதில் போகவில்லை என்று தலைவி கேட்டார். அமைச்சர் தாள்களைப் புரட்டினார். யார், எந்த ஊர் என்று சொன்னால் பார்க்கலாம் என்றார். கமராக்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"அது உங்கள் கைக்குத் தனியாக வரும், அமைச்சரே," என்றார் தலைவி. "வெள்ளிக்கிழமைக்குள் எங்களுக்குப் பதில் வரவேண்டும்."

நாகேஸ்வரி கைப்பைக்குள் பேனையைத் தேடி, வெள்ளிக்கிழமை என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.