கோச்சி இரைச்சலும் கேட்டல் பரீட்சையும்

எல்ல ஸ்டேஷனில் ஏறி எனக்கு எதிரில் உட்கார்ந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் காது கேட்காது என்றுதான் முதலில் நினைத்தேன். சுரங்கம் வந்தது. வழக்கம்போல் பெட்டி முழுவதும் ஊளையிட்டது. ரயிலை நாங்கள் கோச்சி என்போம்; எங்கள் கோச்சியில் இது ஒரு சடங்கு. இருட்டு வந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை செய்யும் கிளாக்கர் வரை வாயைத் திறந்து கத்துவார்கள். எஞ்சின் வேறு ஹோர்ன் அடித்தது. அந்தப் பெண் புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள், அவ்வளவுதான். தெமோதரையில் வடை விற்கிறவர் தோளைத் தொட்டபோது காதிலிருந்து கறுப்பு ரப்பர் மூக்கு வைத்த சின்ன இயர்போன் ஒன்றை வெளியே இழுத்தாள். வேண்டாம் என்று சிரித்தாள். மறுபடி செருகிக்கொண்டாள்.

எனக்கு வந்தது ஆசை அல்ல, கோபம். இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருக்கிறது. ஆறு மாதமாக நான் இதே பெட்டியில் காதைப் பொத்திக்கொண்டு செத்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கூடச் சொல்லவில்லையே!

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றால், நான் பாஸ் ஆகியிருப்பேன். பதுளையில் ஆங்கில டிப்ளோமா படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாள் கையில் இருந்தால்தான் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு எடுக்கும் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போடலாம். வாசிப்பில் பாஸ், எழுத்தில் பாஸ், பேச்சிலும் தட்டுத் தடுமாறிப் பாஸ். கேட்டலில் மட்டும் போய்விட்டது. டேப்பில் இரண்டு பேர் பேசுவார்கள், நாம் கேட்டு விடை எழுத வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். அதிலும் விட்டால் முழுக் கோர்ஸையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு எங்கள் வீட்டில் வழியில்லை.

கேட்டுப் பழகினால் போதும் என்றார்கள். எங்கே கேட்பது? பண்டாரவளைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடும்பத்துக்கு ஒன்றாக ஆறு காம்பரா வரிசையாக இருக்கிறது. காம்பராவுக்கு நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாது. கட்டினவன் அவ்வளவு உயரம் போதும் என்று நினைத்திருக்கிறான். இடது பக்கத்து டீவியும் வலது பக்கத்துக் கைக்குழந்தையும் எங்கள் வீட்டில்தான் குடியிருந்தார்கள். அம்மா சுவருக்கு மேலே பார்த்து, "கொஞ்சம் மெதுவா வைங்க, புள்ள படிக்குது" என்பார். "ஏன், ஒங்க புள்ள மட்டுந்தான் படிக்குதா?" என்று பதில் சுவருக்கு மேலாகவே வந்து விழும்.

மிச்சம் கோச்சிதான். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. ஒரு கம்யூனிகேஷன் கடையில் பயிற்சி சீடியைச் சின்ன எம்பி3 பிளேயரில் ஏற்றி வாங்கியிருந்தேன். அதோடு வந்த வெள்ளை இயர்போன் காதின் வாசலில் சும்மா தொங்கியது. வளைவில் சக்கரம் கிறீச்சிட்டதும் சீடியில் இங்கிலீஷ்காரி பேசுவது காணாமல் போகும். சத்தத்தை முழுக்கக் கூட்டுவேன். பதுளையில் இறங்கும்போது காதுக்குள் கொசு பாடிக்கொண்டிருக்கும்.

வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்த மறுநாளே தேட ஆரம்பித்தேன். முதலில் வாங்கியது காது முழுவதையும் மூடுகிற பெரிய ஹெட்போன். பெரிது என்றால் சத்தத்தைத் தடுக்கும் என்று நானாக முடிவு கட்டினேன். அவசரக்காரி புத்தி. பிள்ளைகளின் கத்தலைக் கொஞ்சம் குறைத்தது. எஞ்சினின் அடித்தொண்டை உறுமலுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதன் பஞ்சு அவ்வளவு மெல்லிசு. எங்கள் பெட்டியில் வரும் ரேடியோ ரிப்பேர்க்கார அண்ணன், "தங்கச்சி, பிளேன் எத்தன மணிக்கு எறங்குது?" என்றார். பெட்டியே சிரித்தது. சிரித்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அதிலிருந்தே ஹெட்போனின் லட்சணம் தெரிந்துவிட்டது.

அடுத்து பதுளை பஜாரில் ஒரு கடை.

"முதலாளி, வெளிச் சத்தம் கேக்காத மாதிரி இயர்போன் இருக்குங்களா?"

"இருக்கு தங்கச்சி. இதப் போடுங்க. பேஸ் சும்மா நெஞ்சுல அடிக்கும்."

"பேஸ் வேணாங்க. ஒரு பொம்பள இங்கிலீஷ்ல பேசுறது கேக்கணும்."

"அதுவும் கேக்கும். வொலியூமக் கூட்டுங்க."

"கூட்டாம கேக்கணுங்க."

"கூட்டாம கேக்கணும்னா வீட்டுல இருந்து கேளுங்க."

இந்த ஊரில் சத்தம்தான் விலைபோகும். எல்லாக் கடையிலும் எது பெரிதாக அடிக்கும் என்று சொல்லத் தெரியும். எது அடக்கும் என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "காதுல வச்சத அப்புறம் யாரு வாங்குவா?" என்று சொன்ன மனுஷன், சோதித்துப் பார் என்று தன் காதில் கிடந்ததைக் கழற்றி நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் ரப்பர் மூக்கு வைத்தது ஒன்றை, போட்டுப் பார்க்காமலே வாங்கிக்கொண்டு வந்தேன். காதில் நிற்கவில்லை. தலையைத் திருப்பினால் வழுக்கி விழுந்தது. என் காதோட்டை சின்னது, ரப்பர் பெரிது. வீட்டில் இயர்போன் வந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று சோடி ரப்பர், சின்னது, நடுத்தரம், பெரிது என்று படமும் போட்டு இங்கிலீஷில் எழுதியும் இருந்தது. உள்ளே இருந்தது ஒரே சோடி.

மறுநாள் கடைக்குப் போனபோதுதான் கவனித்தேன். முதலாளியின் தலைக்கு மேலே ஓர் அட்டையில் அந்தச் சின்ன ரப்பர்களும் பெரிய ரப்பர்களும் பொலித்தீனில் சோடி சோடியாகத் தொங்கின. தனியாக விற்பனைக்கு! பெட்டிக்குள்ளிருந்து உருவி, மேலே தொங்கவிட்டிருக்கிறார்.

"பெட்டியில மூணு சோடி படம் போட்டிருக்குங்களே?"

"படத்துல ஒரு பொண்ணும்தான் இருக்கு. அதையும் குடுக்கவா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அப்படியே பெட்டியைத் தூக்கிப் பிடித்து, அதில் எழுதியிருந்த இங்கிலீஷை முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தேன், பிறகு தமிழில் சொன்னேன், பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். உள்ளே வரப் பார்த்த ஆட்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள். மூன்றாவது பாஷையின் நடுவில் முதலாளி எட்டி ஒரு சோடி சின்ன ரப்பரைப் பிய்த்து மேசையில் எறிந்தார். "வாயி இல்லாட்டி ஒன்னய நாய் தூக்கிட்டுப் போயிரும்" என்றார். ரப்பரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். டிப்ளோமாவில் பேச்சுப் பரீட்சையை இந்தக் கடையில் வைத்திருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

அன்று பின்னேரம் கோச்சியில் அதைச் செருகினேன். காதின் மேல்நுனியைக் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடித்து, ரப்பரை மெல்லத் திருகி உள்ளே விட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க ஹாலிஎல வரை ஆனது. பிறகு, சட்டென்று, கோச்சி என் காலுக்கு மட்டும் ஓடியது. பலகை அதிர்ந்தது, சன்னல் ஆடியது, ஆனால் எல்லாம் பக்கத்து மலையில் நடப்பதுபோல் இருந்தது. வயர் சால்வையில் உரசினால் காதுக்குள் யாரோ விளக்குமாற்றால் கூட்டுவதுபோல் கேட்டது. வயரைக் காதுக்குப் பின்னால் சுற்றி விட்டதும் அதுவும் போய்விட்டது. பிளேயரின் சத்தத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தேன். இங்கிலீஷ்காரி ஒவ்வொரு சொல்லின் வாலையும் உச்சரித்தாள். இவ்வளவு நாளும் எனக்குத் தலை மட்டும்தான் கேட்டிருக்கிறது! நான் மக்கு இல்லை. இதை யாரிடமாவது சண்டை போட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

சண்டை தானாகவே வந்தது. எங்கள் சீசன் டிக்கட் பெட்டியில் எதையும் தனியாகச் சாப்பிடக் கூடாது, தனியாக வாசிக்கக் கூடாது. ஒருவர் வாங்கும் பேப்பர் எட்டாகப் பிரிந்து எட்டு மடியில் கிடக்கும். பாட்டும் அப்படித்தான், ஒருவர் காதில் இயர்போன் இருந்தால் மறு பக்கம் பக்கத்தில் இருப்பவருக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறினால் தெரியும். என் பக்கத்தில் கச்சேரியில் வேலை செய்கிற அக்கா.

"என்னா கேக்குற? ஒரு பக்கம் தா."

"பாட்டு இல்லக்கா, பாடம்."

"பாடம்னா எங் காதுக்குள்ள போவாதா?"

கொடுத்தேன். கழற்றிய காது வழியாக முழுக் கோச்சியும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்திருந்தால் பழைய வெள்ளை இயர்போனை விட மோசம். அக்கா இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, "இந்தப் பொம்பள ஏன் இவ்வளவு கோவமா பேசுது?" என்றார். மறுநாளும் கேட்டார். நான் தரமாட்டேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன்: இரண்டு காதும் அடைத்தால்தான் வேலை செய்யும், எனக்குப் பரீட்சை இருக்கிறது.

"சரிதான். காதையும் தனியாப் பூட்டிக்கிட்டாங்க மகாராணி" என்றார் அக்கா. அன்றிலிருந்து வடைப் பொட்டலம் என்னைத் தாண்டிப் போனது. ஒரு பழக்கத்துக்கு இவ்வளவு ரோஷமா? யாராவது படிக்க வேண்டுமென்றால் அதற்குப் பெட்டியின் அனுமதி வேண்டுமா? செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து வாரம். பயிற்சித் தாள்களில் முக்கால்வாசி சரி வந்தது.

பிறகு மாதிரிப் பரீட்சை நடந்தது.

பதுளை பஸ் ஸ்டாண்டைப் பார்த்த மண்டபம், கண்ணாடி இல்லாத சன்னல்கள். அறுபது பேருக்கு முன்னால் மேசையில் ஒரே ஒரு ரேடியோ செட். கேசட் ஓடத் தொடங்கியதும் வெளியே கொண்டக்டர்மார் பஸ் போகிற ஊர்களை, "பஸ்ஸற, மொணராகல!" என்று கூவத் தொடங்கினார்கள். பின்வரிசையில் இருந்த எனக்குக் கேட்டது மொணராகலை மட்டும்தான். இங்கிலீஷ்காரி எங்கேயோ கிணற்றுக்குள் பேசிக்கொண்டிருந்தாள். கோச்சியில் அமைதியாகக் கேட்டுப் பழகிய காது இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. மறுபடியும் ஃபெயில். போன தடவையும் இதே மண்டபம்தான், அப்போது என் மண்டையில்தான் கோளாறு என்று நினைத்திருந்தேன்; மிச்சமிருக்கும் கடைசித் தடவையும் இங்கேதான். முன்வரிசையில் இருந்தவர்கள் பாஸ்.

பரீட்சைக்குப் பொறுப்பான சேர் யாழ்ப்பாணத்துக்காரர், கோபப்படாத மனுஷர். அவரிடம் போனேன்.

"சேர், பின்னுக்கு ஒன்னுமே கேக்கலங்க."

"எல்லாருக்கும் ஒரே சத்தம்தானே பிள்ளை. ஆருக்கும் கூடக் குறைய இல்லை. பிறகென்ன?"

"முன்னுக்கு இருந்தவங்களுக்குக் கேட்டிருக்குங்களே சேர்."

"அப்ப நீர் வெள்ளனவே வந்து முன்னுக்கு இருக்க வேண்டியதுதானே?"

வெள்ளன! நேரத்தோடு வருவது என் கையிலா இருக்கிறது? கோச்சி பதுளைக்கு வருகிற நேரம்தான் நான் வருகிற நேரம். டவுனில் இருப்பவர்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு ஆற அமர நடந்து வந்து முன்வரிசையைப் பிடித்துவிடுகிறார்கள். தோட்டத்திலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் கடைசி மூன்று வரிசையில். இது இங்கிலீஷ் பரீட்சையா, கோச்சி டைம்டேபிள் பரீட்சையா? சேரிடம் இதைக் கேட்கவும் செய்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "வேறை வழி இருந்தா சொல்லும், பாப்பம்" என்றார். அது சும்மா அனுப்பி வைக்கிற பேச்சு. நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

பின்னேரக் கோச்சியில் இயர்போனைச் செருகவில்லை. கச்சேரி அக்கா பார்த்துவிட்டார். "என்னடி, பூட்டு ஒடஞ்சிருச்சா?" என்றார். நடந்ததைக் கொட்டினேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, பெட்டியே திரும்பியது. அக்கா, "அந்தாளுக்கு அறிவிருக்கா?" என்று என்னை விடச் சத்தமாகக் கேட்டார்.

ரிப்பேர்க்கார அண்ணன்தான் யோசித்தார். "ரேடியோ செட்டுல இயர்போன் குத்துற ஓட்ட இருக்குமே. அதுல இருந்து வயர் இழுத்து ஒரு பொட்டியில பத்து, இருவது ஓட்ட போட்டா, ஆளுக்கொன்னா குத்திக்கிறலாம்."

"சத்தம் கொறஞ்சிறாதாண்ணே? ரெண்டா பிரிச்சாலே கொறையுதே."

"கொறையும். அதுக்குத்தான் நடுவுல ஒரு சின்ன அம்ப்ளிஃபயர் வைக்கணும். பழைய செட்டு ஒன்னு கடையில கெடக்கு. ஆனா ஒன்னு, ஒனக்கு மட்டும்னா செய்யமாட்டேன்."

"கடைசி மூணு வரிசைக்கும் வேணுங்கண்ணே."

"இயர்போன்?"

அதுதான் பிரச்சினை. ரப்பர் மூக்கு வைத்த இயர்போன் இல்லாமல் அண்ணனின் ஓட்டைப் பெட்டி இருந்தும் பயனில்லை, மொணராகலை உள்ளே வந்துவிடும். அவரவர் காதுக்கு அவரவர் அளவும் வேண்டும். பஜார் முதலாளியின் தலைக்கு மேல் தொங்கும் அட்டையைப் பற்றிச் சொன்னேன். நாளைக்கு மத்தியானம் இயர்போனும் ரப்பரும் வாங்க அக்காவும் கூட வருகிறார், கச்சேரி உத்தியோகத்தர் என்ற தோரணையோடு.

அண்ணன் செய்திருக்கும் பெட்டியில் இப்போதைக்குப் பத்து ஓட்டை இருக்கிறது. வெள்ளிக்கிழமை கோச்சியிலேயே சோதிக்கப் போகிறோம். பத்துப் பேர் செருகிக்கொண்டு, அண்ணன் கொண்டுவரும் பாட்டரி செட்டில் நான் கேசட்டைப் போட்டு, சுரங்கத்துக்குள் போகும்போது மற்றவர்கள் எல்லாரும் ஊளையிட வேண்டும், வழக்கத்தை விடப் பலமாக. அதற்கு நடுவில் பத்துப் பேரும் விடை எழுதினால் திங்கட்கிழமை பெட்டியைச் சேரின் மேசையில் கொண்டுபோய் வைப்பேன். முடியாது என்று அவர் வாயால் சொன்னால் போதாது, ஏன் முடியாது என்று எழுதித் தரச் சொல்லப் போகிறேன்.