சிவப்புப் பகுதியில் ஒரு கோடு

பூரணியை நான் திட்டித்தான் பழகினேன். கப்பல்துறை கிராமத்தில் மாதம் ஒருமுறை குழந்தைகளுக்கு நிறை பார்ப்போம். அவளுடைய ஒன்றரை வயது மகளைத் தராசில் தொங்கவிடும்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். நிறை அட்டையில் அந்தப் பிள்ளையின் புள்ளி எப்போதும் சிவப்புப் பகுதியில்தான் விழும். 2008 சித்திரையில் பொறுமை இழந்து, ‘தாயின் கவனக்குறைவு’ என்று அட்டையில் எழுதிவிட்டேன். இருபது வருடம் மருத்துவமாதுவாக வேலை பார்த்தவள் என்ற திமிர், வேறென்ன!

அந்த இரண்டு சொல் என்ன செய்யும் என்று நான் நினைக்கவில்லை. பூரணியின் கணவனுடைய அக்கா கனகம்மா டவுனில் இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அட்டையை வாசித்தவள், “உனக்கு வளர்க்கத் தெரியாது, நான் கொண்டுபோய் வளர்க்கிறன்” என்று ஒற்றைக்காலில் நின்றாள். பூரணியின் கணவனும் தலையாட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போவதாகப் பேச்சு.

இது காதில் விழுந்த பிறகுதான் பூரணியின் வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு மத்தியானம் வரை பார்த்தேன். முட்டை, கீரை, மீன், பருப்புப் போட்டுக் குழைத்த சோறு. எதிலும் குறை சொல்ல இடமில்லை. அப்படியானால் பிறப்பு வழியில் வந்த குறையோ என்று பூரணியிடம் கேட்டேன்.

“பிள்ளை, உன்னை அம்மா எங்க பெத்தவ?”

“அகதி முகாமில, மிஸ்ஸி. எண்பத்தஞ்சில ஏழு மாச வயித்தோட காட்டுக்குள்ள ஓடினவவாம். மூண்டு கிழமை கிழங்கும் தண்ணியும்தானாம். நான் பிறக்கேக்க ஒண்டரைக் கிலோ.”

எனக்குச் சுருக்கென்றது. பெண் குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் கருமுட்டைகள் உருவாகிவிடும். பரீட்சைக்குப் பாடமாக்கியதுதான். அப்படியானால் பூரணியின் மகளாகப் போகும் முட்டையும் அன்று அந்தக் காட்டில், பாட்டியின் வயிற்றுக்குள், பட்டினி கிடந்திருக்கிறது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல என்னால் ஏலாது, இன்னும் ஆராய்கிறார்கள். அட்டையை வாங்கிப் புள்ளிகளை விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஒரு மாதம்கூட இறங்கவில்லை. சிறிதாகப் பிறந்த பிள்ளை, சிவப்புக்குள்ளேயே தனக்கென்று ஒரு கோட்டில், மற்றப் பிள்ளைகளைப்போல ஏறிக்கொண்டுதான் இருந்தது. நான் நிறத்தைப் பார்த்தேனே தவிர, கோட்டைப் பார்க்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை கனகம்மா வந்தபோது நானும் அங்கே இருந்தேன். எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன்.

“அப்ப பூரணியில பிழை இல்லையோ, பரீதா மிஸ்ஸி?”

“இல்லை. பிழை என்னிலதான்.”

அவள் தன் பையைத் திறந்தாள். பிள்ளைக்கென்று வாங்கி வந்த சட்டைகளைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தாள். எனக்கு அவளை நினைத்தும் பாவமாக இருந்தது.

அவள் போனதும் பூரணி அட்டையை நீட்டினாள்.

“வாயால சொன்னது காணாது, மிஸ்ஸி. நீங்கள் எழுதினதை எல்லாரும் வாசிச்சவை. இதையும் எழுதித் தாங்கோ.”

பழையதை வெட்டி, ‘தாயில் குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் வாசித்துப் பார்த்தாள். அட்டையைத் திருப்பி என் மடியில் வைத்தாள்.

“எங்கட அம்மாவிலயும் இல்லை எண்டு எழுதுங்கோ. நான் சிறுத்துப் பிறந்ததுக்குச் சாகும்வரைக்கும் தன்னைத்தான் ஏசிக்கொண்டிருந்தவ.”

அட்டையில் அதற்கென்று இடம் கிடையாது. ஓரத்தில் எழுதினேன்.